அடினோமஸ் தேரைகள்: இலங்கையில் இரண்டு இனமா, மூன்று இனமா?

சிவனடிச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் மத்திய மலைநாட்டில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். வகைப்பாட்டையும் கூர்ப்பையும் விளக்க எங்கோ தொலைவிலுள்ள உயிர்களையே ஆண்டுதோறும் உதாரணம் காட்டி வருகிறோம். நம் ஓடைகளில் வாழும் ஒன்றைக் காட்டினால் மாணவர் மனத்தில் பதியும் என்று எண்ணி, உலகில் வேறெங்கும் இல்லாமல் இலங்கைக்கே உரியதான அடினோமஸ் என்ற சிறு தேரைச் சாதியைத் தெரிவுசெய்தேன். சுவர்ப்படம் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

என்னிடம் உள்ள பழைய பட்டியல், இச்சாதியில் கெலார்டி, கண்டியானஸ், தாசி என மூன்று இனங்கள் உள்ளன என்றும், அவற்றுள் கண்டியானஸ் அற்றுப்போய்விட்டது என்றும் கூறுகிறது. அடுத்த பட்டியலில் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. கண்டியானஸ் மீளக் கண்டுபிடிக்கப்பட்டதாம். அண்மைய பட்டியலிலோ இரண்டு இனங்களே உள்ளன. தாசி என்ற பெயரையே காணவில்லை. அழிந்துபோன ஒன்று மீண்டு வந்ததும், உயிரோடிருந்த ஒன்று காணாமற்போனதும் எப்படி என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான விடை சொல்லாமல் அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

நான் சாதி என்று எழுதுவதைத் தமிழகத்தார் பேரினம் என்பார்கள். கூர்ப்பு என்பது பரிணாமம். வாற்பேய் என்பது தலைப்பிரட்டை. அவரவர் சொல்லிலேயே எழுதுங்கள், புரிந்துகொள்வோம்.

தொகுப்பறை

ஐயா, வணக்கம். அருங்காட்சியகத் தொகுப்புகளில் தவளை, தேரை மாதிரிகளைப் பல ஆண்டுகள் கையாண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்களிடம் உள்ள மூன்று பட்டியல்களும் எழுதப்பட்ட காலத்தில் கிடைத்த அறிவுக்கு உண்மையாகவே எழுதப்பட்டவை. அவற்றுக்கு இடையே என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் அந்த மாணவிக்கு விடை கிடைத்துவிடும்.

லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் குந்தர் 1858ஆம் ஆண்டு புஃபோ கெலார்டி என்ற தேரையை விவரித்தார். இலங்கையில் பிறந்து படை மருத்துவராகப் பணிசெய்தவரும், 1852இல் இலங்கை விலங்குகளைத் தொகுத்து நூல் வெளியிட்டவருமான எட்வர்ட் ஃபிரடெரிக் கெலார்ட் அப்போது உயிரோடிருந்தார். பெயர் அவரைச் சிறப்பிப்பது. அக்காலத்தில் உலகத் தேரைகளில் பெரும்பாலானவை புஃபோ என்ற ஒரே பேரினத்துக்குள் அடுக்கப்பட்டு வந்தன என்பதை நினைவில் கொள்ளவேண்டும். மூன்றாண்டு கழித்து, 1861இல், அமெரிக்கரான எட்வர்ட் டிரிங்கர் கோப் இலங்கைத் தேரை ஒன்றைக் கண்டு அதைப் புதியதென எண்ணி, அடினோமஸ் என்ற புதுப் பேரினத்தையும் உண்டாக்கினார். கிரேக்கத்தில் சுரப்பி, தோள் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. கண்ணுக்குப் பின்னால் தோள்வரை புடைத்திருக்கும் நச்சுச் சுரப்பியைக் குறிக்கிறது. கோப் புதிதென்று எண்ணிய அந்த இனம் குந்தரின் கெலார்டிதான் என்பது பின்னர் தெளிவாயிற்று. இனப்பெயர் தள்ளுபடியானாலும், பேரினப் பெயர் நிலைத்துவிட்டது.

1872இல் குந்தரே மற்றொரு தேரையைக் கண்டியின் பெயரால் கண்டியானஸ் என்று விவரித்தார். குறிப்பு மிகச் சுருக்கமானது. மாதிரிகளும் மிகச் சிலவே. அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அந்தத் தேரையைப் பார்த்ததாக உறுதியான பதிவே இல்லை. இந்த இடைவெளிதான் பின்னால் நேர்ந்த அத்தனை குழப்பத்துக்கும் வேர்.

1998இல் மனமேந்திர ஆரச்சி, பெத்தியகொட ஆகிய இருவரும் இலங்கைத் தேரைகளை மறுபரிசீலனை செய்தபோது, சிவனொளிபாதமலைப் பகுதியிலிருந்து கிடைத்த தேரையைப் புதிய இனமாகக் கருதி, இந்திய ஊர்வன ஆய்வாளர் இந்திரனீல் தாஸின் பெயரால் தாசி என்று பெயரிட்டார்கள். 2004இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) செம்பட்டியல் கண்டியானஸை அற்றுப்போனதாக அறிவித்தது. உங்கள் முதல் பட்டியல் அந்த ஆண்டுகளுக்குரியது.

2009இல் சிவனொளிபாதமலைச் சரணாலயத்தில் இரவு நேரக் கள ஆய்வு மேற்கொண்ட விக்ரமசிங்க குழுவினர் கண்டியானஸைக் கண்டதாக 2012இல் வெளியிட்டார்கள். 133 ஆண்டுகளுக்குப் பின் மீண்ட தேரை என்று உலகச் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. உங்கள் இரண்டாம் பட்டியல் இதன் பிறகு வந்தது.

மூன்றாவது திருப்பம் 2015இல் நிகழ்ந்தது. மீகஸ்கும்புர தலைமையிலான குழு இப்பேரினத்தின் இன எல்லைகளைப் பல அளவுகோல்களைக் கொண்டு ஒருசேரச் சோதித்தபோது, கண்டியானஸ் என்று சொல்லப்பட்டதும் தாசி என்று சொல்லப்பட்டதும் ஒரே இனம் என்ற முடிவுக்கு வந்தது. விலங்கியல் பெயரிடல் விதிப்படி முந்தைய பெயருக்கே முன்னுரிமை. 1872க்கு முன் 1998 நிற்காது. ஆகவே தாசி என்பது கண்டியானஸின் இளைய ஒத்தபெயர், அதாவது அதே இனத்துக்குப் பிந்தி இடப்பட்டதால் செல்லாத பெயர், ஆயிற்று.

அந்த மாணவியிடம் இப்படிச் சொல்லுங்கள்: தேரைக்கு எதுவும் நேரவில்லை. அது 1872இலும் அதற்கு முன்பும் அதே ஓடையில் இருந்தது. 1998 முதல் நாம் அதை வேறொரு பெயரால் அழைத்துக்கொண்டே, பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தோம்.

சிவனடிச்சாரல்

மிக்க நன்றி அம்மா. 2004இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டபோதே அது தாசி என்ற பெயரில் உயிரோடு பதிவாகியிருந்தது என்று விளங்கிக்கொள்கிறேன். அப்படியானால் 2009இல் மீளக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வதே பிழையா?

மழைவரம்பு

இந்த முடிவை அவ்வளவு எளிதாக ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இரண்டு இனங்களை ஒன்றாக்கும்போது பாதுகாப்புப் பட்டியலிலிருந்து ஒரு பெயர் போகிறது. ஒரு மலைச்சரிவில் மட்டும் வாழும் அரிய தேரை என்ற தகுதியால் கிடைக்கும் கவனம், சற்றே பரவலாக வாழும் இனத்தின் ஒரு கூட்டம் என்று ஆனவுடன் குறைந்துவிடும். இரண்டாவது, நூற்று நாற்பது ஆண்டு மதுசாரத்தில் கிடந்து சுருங்கி, நிறம் வெளுத்துப்போன மாதிரியை, நேற்றுப் பிடித்த தேரையோடு ஒப்பிட்டு ஒன்றே என்று எப்படி உறுதிசெய்ய முடியும்? மூன்றாவது, தவளைகளில் இதற்கு நேர்மாறான போக்கே இதுவரை இருந்து வந்திருக்கிறது. ஒன்று என்று எண்ணியது பலவாகப் பிரிந்ததே வழக்கம். இலங்கையின் புதர்த்தவளைகள் ஒரு சிலவே என்றிருந்த நிலை மாறி, இன்று பல பத்து இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அப்படியிருக்க இங்கே மட்டும் ஏன் சேர்க்க வேண்டும்?

தொகுப்பறை

தயக்கம் நியாயமானது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிகள் சுருங்குவது உண்மை. பழைய கண்ணாடிக் குடுவையிலிருந்து ஒரு தேரையை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தட்டில் வைக்கும்போது, அது தேநீர்ச் சாயம் ஏறிய தோல்துண்டு போலத்தான் இருக்கும். மஞ்சளும் செம்மையும் முற்றாகப் போயிருக்கும். வயிறு உள்வாங்கி, விரல்கள் மடங்கி விறைத்திருக்கும். நிறத்தை வைத்து அதில் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் எலும்பு சுருங்குவதில்லை. முன்கை, தொடை, கணைக்கால் ஆகியவற்றின் நீளங்களும் அவற்றின் விகிதங்களும், தலையின் அகலமும், செவிப்பறை தெரிகிறதா இல்லையா என்பதும், தோற்பருக்கள் எங்கெங்கே அமைந்துள்ளன என்பதும் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கின்றன. பெருக்கி ஆடியின் கீழ் வைத்து அரை நாள் பொறுமையாக அளந்தால், நிறம் சொல்லாததை இவை சொல்லும்.

அதோடு, ஓர் இனத்தின் பெயர் எந்த மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறதோ அதற்கு வகை மாதிரி என்று பெயர். கண்டியானஸ் என்ற பெயர் 1872 மாதிரிகளோடு கட்டப்பட்டது. ஆகையால் வகை மாதிரியை விட்டுவிட்டு, உயிருள்ள தேரைகளின் மரபணுவை மட்டும் பார்த்து எந்தப் பெயர் எதற்கு உரியது என்று தீர்மானிக்க முடியாது. மரபணு இரண்டு கூட்டங்களும் ஒன்றா வேறா என்று சொல்லும்; பெயர் எதுவென்று குடுவையில் இருப்பதுதான் சொல்லும். இரண்டும் ஒருங்கே வேண்டும்.

2015 ஆய்வை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாசியை 1998இல் புதிய இனமென விவரித்த மனமேந்திர ஆரச்சியும் பெத்தியகொடவும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களுள் இருக்கிறார்கள். தாம் பெயரிட்ட இனத்தைத் தாமே ஒத்தபெயராக்கியிருக்கிறார்கள். தம் பெயர் என்றும் ஒட்டியிருக்கப்போகும் ஓர் இனத்தைச் சான்று கேட்கிறது என்பதற்காக விட்டுக்கொடுப்பது எளிதான காரியமன்று. எனக்கு அந்தக் கட்டுரையின் முகப்பே ஒரு பாடம்.

பிரிப்பது வழக்கம், சேர்ப்பது விதிவிலக்கு என்பதைப் பற்றி: புதர்த்தவளைகளில் பிரித்தது சான்றின்படி, இங்கே சேர்த்ததும் சான்றின்படிதான். இனம் என்று நாம் எழுதுவது ஒரு கருதுகோள். புதிய மாதிரி, புதிய ஓடை, புதிய மரபணு வரிசை வரும்போதெல்லாம் அது மறுபடி சோதனைக்கு உள்ளாகிறது. 1998இல் கையில் இருந்த ஒப்பீட்டு மாதிரிகள் சிலவே. கண்டியானஸின் உயிருள்ள கூட்டம் எதுவும் தெரியாது. அந்த நிலையில் தாசியைத் தனியாகக் கருதியதில் குற்றம் காண முடியாது.

ஐயா கேட்டதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. 2009இல் கண்டவர்கள் கண்டது உண்மை. அதைக் கண்டியானஸ் என்று இனங்கண்டதும் சரி. இழந்துபோன பெயருக்குரிய உயிருள்ள தேரை எது என்பதை அவர்கள்தான் முதலில் சுட்டிக்காட்டினார்கள். அந்த இணைப்பு கிடைக்காமல் 2015 ஆய்வின் கேள்வியே எழுந்திருக்காது என்று நான் கருதுகிறேன். அதே மலைக்காட்டில் கெலார்ட் 1853இல் விவரித்த விண்மீன்புள்ளிப் புதர்த்தவளையும் 2009இல் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே இரவில் ஓடையோரம் நடந்து தேடியவர்களின் உழைப்புக்கு ஈடில்லை.

மழைவரம்பு

விளக்கத்துக்கு நன்றி. விவரித்தவர்களே சேர்த்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. இனங்கள் ஒன்று என்பதை ஏற்கிறேன். பாதுகாப்பைப் பற்றிய கவலை மட்டும் எஞ்சியிருக்கிறது.

நல்லதண்ணி ஓடை

அந்தக் கவலைக்கு மலைநாட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் நான் ஒன்று சொல்லலாமா? நான் ஆய்வாளன் அல்லன். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) மேலே தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஓர் ஓடை இறங்குகிறது. மழைக்காலத்து இரவுகளில் அங்கு விளக்கோடு போய்ப் பார்ப்பது பன்னிரண்டு வயது முதலே என் வழக்கம். எதையும் பிடிப்பதில்லை, அனுமதியின்றிப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதை இங்குள்ள இளையவர்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

வீட்டு வாசலில் விளக்கடியில் பூச்சி தின்ன வரும் சொறித்தவளை நம் எல்லோருக்கும் தெரியும். அதன் கண்ணைச் சுற்றி நகத்தின் ஓரம்போலக் கறுத்த எலும்பு வரம்பு எழுந்து நிற்கும். உடல் கனத்து, கால்கள் குட்டையாக இருக்கும். ஓடைக்கரைத் தேரையிடம் அந்த வரம்பே இல்லை. தலை வழுவழுப்பாக இருக்கும்; உடல் ஒடுங்கி, கை கால்கள் மெலிந்து நீண்டு, தேரைதானா என்று ஐயுறும்படி இருக்கும். சாரல் தெறித்துக்கொண்டே இருக்கும் பாறையில், பாசியின் நிறத்தோடு நிறமாக, நீரோட்டத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும். விளக்கு வெளிச்சம் பட்டால் குதித்து ஓடாமல் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, பாறையின் மறுபக்கம் மெல்ல ஏறிப் போகும். ஒரு தடவை நான் அரை மணி நேரத்துக்கு மேல் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போனது எனக்குத்தான், அது அசையவில்லை.

இரண்டு இனம் என்றாலும் மூன்று இனம் என்றாலும் அதற்கு வேண்டியது ஓடையின் மேல் நிழலும் கலங்காத நீரும். கரையோரத்து மரங்களை வெட்டி, மேற்சரிவின் மண் ஓடையில் இறங்கிய இடங்களில் அதை நான் மறுபடி கண்டதில்லை. பட்டியலில் பெயர் குறைந்ததால் பாதுகாப்பு குறையும் என்று அஞ்சுவதைவிட, ஓடையைப் பார்ப்பது முதல் வேலை என்று நினைக்கிறேன்.

சிவனடிச்சாரல்

தம்பி, இந்தக் குறிப்பை வகுப்பில் வாசித்துக் காட்ட உங்கள் அனுமதி வேண்டும்.

நல்லதண்ணி ஓடை

தாராளமாக, சேர்.

பொதிகைத் தூறல்

இனங்களைப் பற்றிய பகுதி தெளிவாகிவிட்டதால், பேரினத்தின் உறவுகளுக்கு வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் தேரைகளைக் கவனித்து வருபவன் நான். அடினோமஸைத் தனியே வைத்துப் பார்ப்பதைவிட அதன் பங்காளிகளோடு வைத்துப் பார்த்தால்தான் பரிணாமக் கதை விளங்கும்.

தேரைக் குடும்பம் உலகெங்கும் 600க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டது. மேல்தாடையில் பல் இல்லாமை, ஆணிடமும் சூலகத்தின் எச்சமாக நிற்கும் பிட்டர் உறுப்பு ஆகியன இக்குடும்பத்துக்கு உரியவை. புஃபோ என்ற ஒற்றைப் பேரினத்துக்குள் எல்லாம் கிடந்த நிலை 2006இல் ஃப்ராஸ்ட் குழுவினர் வெளியிட்ட பெரிய மறுவகைப்பாட்டோடு மாறியது. நம் வீட்டுச் சொறித்தவளை அப்போதுதான் துத்தாஃபிரைனஸ் என்ற பெயரைப் பெற்றது. பழகிய பெயர் போய்விட்டதே என்று பலர் வருந்தினார்கள். எனக்கும் சில ஆண்டுகள் வாயில் நுழையவில்லை. ஆனால் ஒரே மூதாதையின் வழிவந்தவை மட்டுமே, அவை அனைத்துமே, ஒரு பேரினத்துள் இருக்கவேண்டும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டால், பழைய புஃபோ நிலைக்க வழியில்லை.

2009ஆம் ஆண்டு நம் பகுதித் தேரைகளுக்கு முக்கியமானது. வான் பாக்ஸ்லேர் குழுவினரின் ஆய்வு அவ்வாண்டு வெளிவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் உயிர்கள் எல்லாம், தனித்தீவாக மிதந்து வந்த பழைய இந்திய நிலத்தின் எச்சங்கள் என்று கருதுவது பரவலாக இருந்த காலம் அது. தேரைகள் அப்படியல்ல என்று அந்த ஆய்வு காட்டியது. இந்தியா ஆசியாவோடு இணைந்த பிறகு வெளியிலிருந்து உள்ளே வந்த தேரைகள், இங்கேயே பல கிளைகளாகப் பிரிந்து, சில ஓடையையும் சில மரத்தையும் சில தரையையும் பற்றிக்கொண்டன. வந்தேறிய ஒரு மரபு, உலகில் வேறெங்கும் இல்லாத பேரினங்களை இங்கே உண்டாக்கியிருக்கிறது. அடினோமஸ் அந்த விரிவின் இலங்கைக் கிளை.

அதே ஆண்டில் பிஜு குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலைக்கென இரண்டு புதிய பேரினங்களை நிறுவினார்கள்: மகாராட்டிரப் பகுதிக்குரிய ஜாந்தோஃபிரைனி, தெற்கே உள்ள ஓடைத்தேரைகளுக்குக் காட்டோஃபிரைனி. பின்னது குறித்து விரிவாகச் சொல்ல வேண்டும். பிரம்மகிரி மலையிலிருந்து குந்தர் 1876இல் விவரித்த ஓடைத்தேரையும், அமைதிப் பள்ளத்தாக்கிலிருந்து 1981இல் விவரிக்கப்பட்ட ஓடைத்தேரையும் அதுவரை அன்சோனியா என்ற பேரினத்தில் இருந்தன. அன்சோனியாவின் தாயகம் மலேசியா, போர்னியோ, தாய்லாந்து முதலிய தென்கிழக்கு ஆசிய நாடுகள். மெலிந்த உடல், நீண்ட கால்கள், விரைந்தோடும் நீரில் வளரும் தலைப்பிரட்டை என எல்லாம் ஒத்திருந்ததால் ஒரே பேரினம் என்று கருதினார்கள். மரபணு அதை மறுத்தது. ஒரே மாதிரியான ஓடை, ஒரே மாதிரியான உடலை இரண்டு தனித்தனி மரபுகளில் செதுக்கியிருக்கிறது. நல்லதண்ணி ஓடை நண்பர் வருணித்த அந்த மெலிந்த கை கால்களை இதோடு வைத்துப் பாருங்கள்.

மரத்தேரைகளிலும் இதுவே நேர்ந்தது. கேரளக் காடுகளில் மரப்பொந்துத் தண்ணீரில் முட்டையிடும் மலபார் மரத்தேரை, பெடோஸ்டிபஸ் என்ற பேரினத்தில் போர்னியோ மரத்தேரைகளோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. போர்னியோத் தேரைகளோ உருவில் பெரியவை. மரத்தில் வாழ்ந்தாலும் முட்டையிட ஓடைக்கு இறங்குபவை. 2016இல் சான் குழுவினர் மரபணுவை ஒப்பிட்டு, தென்கிழக்கு ஆசியத் தேரைகளை ரென்டாபியா என்ற புதிய பேரினமாகப் பிரித்தார்கள். மலபார் மரத்தேரைக்கு நெருங்கிய உறவு போர்னியோவில் இல்லை. அது அடினோமஸ் முதலான தெற்காசியக் கிளையைச் சேர்ந்தது. மரத்தில் வாழும் கேரளத் தேரைக்கு, மரத்தில் வாழும் போர்னியோத் தேரையைவிட, ஓடைப் பாறையில் வாழும் இலங்கைத் தேரை நெருங்கிய உறவு. இதைவிடச் சிறந்த வகுப்பறை உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சிவனடிச்சாரல்

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். வெவ்வேறு மரபுகள் ஒத்த உடலைப் பெறும் ஒருங்கு கூர்ப்புக்குச் சுறாவையும் ஓங்கிலையும் காட்டிக் காட்டிச் சலித்துவிட்டது. இரண்டு வினாக்கள் உண்டு. பனிக்காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்து, இலங்கையும் இந்தியாவும் பாக்குநீரிணைப் பக்கமாகத் தரைவழியே பலமுறை இணைந்திருந்தன என்று கற்பிக்கிறோம். அப்படியானால் அடினோமஸ் ஏன் தமிழகத்துக்கு வரவில்லை? அடுத்து, இவையெல்லாம் இவ்வளவு நெருங்கிய உறவு என்றால், அடினோமஸ், பெடோஸ்டிபஸ் முதலியவற்றை ஒரே சாதியாக்கிவிட்டால் என்ன?

பொதிகைத் தூறல்

முதல் வினாவுக்கு, தரை இருந்தது. காடு இல்லை என்று சுருக்கமாகச் சொல்லலாம். அந்த இணைப்பு நிலம் ஓர் உலர்ந்த சமவெளி. இன்று இராமநாதபுரத்திலிருந்து மன்னார் வரை கடலை நீக்கிவிட்டுக் கற்பனை செய்துபாருங்கள். ஆண்டு முழுதும் ஈரம் சொட்டும் மலைக்காட்டு ஓடையை விட்டு ஒரு முழம் விலகினாலே தோல் உலரும் தேரைக்கு, அந்தச் சமவெளி கடலைப் போலவே பெருந்தடை. 2004இல் போசுயிட் குழுவினர் பல விலங்குக் கூட்டங்களை ஒப்பிட்டு, தரை இணைப்பு இருந்தும் இலங்கையின் மழைக்காட்டு உயிர்கள் இந்தியாவின் உயிர்களோடு அதிகம் கலக்கவில்லை என்று காட்டியதும் இதையே உறுதிசெய்கிறது.

சொறித்தவளையின் கதை வேறு. அது வறட்சியைத் தாங்கும். குட்டை, கிணற்றடி, வயல் எதுவானாலும் முட்டையிடும். ஒரே தடவையில் ஏராளமான முட்டைகளை நீண்ட சரமாக இடும். நீரிணையின் இருபுறமும் அது வாழ்கிறது. மனிதரின் சரக்கோடு மடகாஸ்கர் வரை போய் 2014இல் அங்கே பெருந்தொல்லையாக அறியப்பட்டது. தேரைக் குடும்பம் உலகெங்கும் பரவியதற்குக் காரணமே இத்தகைய தாங்கும் உடலமைப்புத்தான் என்று 2010இல் அதே வான் பாக்ஸ்லேர் குழுவினர் எழுதினார்கள். பெரிய உடல், பெரிய நச்சுச் சுரப்பி, நீரைவிட்டு விலகி வாழும் திறன், மிகுந்த முட்டைகள் என்பவை ஒருங்கு சேர்ந்த மரபுகள் கண்டங்களைக் கடந்தன. ஒரு மலையை வந்தடைந்தபின் சில மரபுகள் மறுபடி சிறுத்து, மெலிந்து, ஓடைக்கோ மரத்துக்கோ கட்டுப்பட்டன. அடினோமஸை நான் அப்படித்தான் பார்க்கிறேன்: நெடுந்தூரம் நடந்து வந்த குடியில் பிறந்து, ஒரு தீவின் ஓடைகளோடு நின்றுவிட்ட கிளை.

தொகுப்பறை

இரண்டாம் வினாவை நான் எடுத்துக்கொள்கிறேன். பேரினத்தின் எல்லையை எங்கே வைப்பது என்பதற்கு இயற்கையில் கோடு எதுவும் இல்லை. ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைத்தும் உள்ளே இருக்கவேண்டும், வெளியார் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையைக் காத்தால் போதும். மரத்தின் எந்தக் கணுவில் பெயரை ஒட்டுவது என்பது நம் விருப்பம். ஆகவே நீங்கள் சொல்வதுபோல் எல்லாவற்றையும் ஒன்றாக்கினாலும் விதி மீறப்படாது, அந்தக் கிளைக்குள் வரும் எதையும் வெளியே விடாதவரை.

ஆனால் நான் அதை விரும்பவில்லை. இந்தத் தெற்காசியப் பேரினங்கள் குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பிரிந்தவை. எது எதற்கு உடன்பிறப்பு என்னும் வரிசை, எடுத்துக்கொண்ட மரபணுக்களைப் பொறுத்து ஆய்வுக்கு ஆய்வு சற்று மாறுகிறது. மைட்டோகாண்டிரிய மரபணு தாய்வழி மட்டுமே வருவது. அதோடு உட்கரு மரபணுக்களும் சேர்ந்தால்தான் உறுதி கூடும். வரிசை அசையும் இடத்தில் பெரிய பெயரைச் சூட்டினால், நாளை ஒரு கிளை நகர்ந்ததும் மொத்தப் பெயரும் நகர வேண்டியிருக்கும். அடினோமஸ் என்ற சிறு கணுவோ உறுதியானது. இரண்டே இனங்கள், இரண்டும் இலங்கையின் ஈரவலயக் காடுகளுக்குரியவை, தலையில் எலும்பு வரம்பு இல்லாதவை, ஓடையில் வளரும் வாற்பேயை உடையவை. இந்தப் பெயரைச் சொன்னாலே இவ்வளவும் நினைவுக்கு வருகிறது. அத்தகைய பெயரை ஒரு பெரிய தொகுதிக்குள் கரைத்துவிடுவதில் என்ன ஆதாயம்?

சிறு சொல் விளக்கமும் தேவைப்படுகிறது. தமிழகத்தின் பல ஊர்களில் தேரை என்றால் சுவரிலும் நீர்த்தொட்டியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெலிந்த மரத்தவளை. தோல் சொரசொரத்தது சொறித்தவளை. உங்கள் படத்தில் தேரை என்று மட்டும் போட்டால் சில பிள்ளைகள் வேறொன்றை எண்ணக்கூடும். ஓடைத்தேரை என்று போட்டு, பக்கத்தில் சொறித்தவளையின் தலையையும் வரைந்து, எலும்பு வரம்பு இருப்பதையும் இல்லாததையும் காட்டிவிடுங்கள்.

சிவனடிச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. சுவர்ப்படத்துக்கான குறிப்பை இப்படி மாற்றியிருக்கிறேன்:

அடினோமஸ், கோப், 1861. இலங்கைக்கே உரிய ஓடைத்தேரைச் சாதி. இனங்கள் இரண்டு. அடினோமஸ் கெலார்டி, குந்தர், 1858: சிங்கராஜ வனம் உட்பட ஈரவலயக் காடுகளில் வாழ்வது. அடினோமஸ் கண்டியானஸ், குந்தர், 1872: மலைக்காட்டு ஓடைகளில் வாழ்வது, 2004இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டு, 2012இல் மீளப் பதிவானது, 1998இல் விவரிக்கப்பட்ட அடினோமஸ் தாசி இதுவே என 2015இல் நிறுவப்பட்டது. நெருங்கிய உறவினர் மேற்குத் தொடர்ச்சி மலையின் தேரைகள்.

தாசி என்ற பெயரை நீக்காமல் அடைப்புக்குள் சாய்வெழுத்தில் வைத்திருக்கிறேன். பழைய நூல்களைப் படிக்கும் பிள்ளைகள் குழம்பக்கூடாது.

தொகுப்பறை

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: இரண்டு இனங்களுக்கும் குந்தரின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடுங்கள். அவர் அவற்றை முதலில் வேறு பேரினத்தில் விவரித்தார் என்பதற்கு அந்தக் குறிதான் அடையாளம். கோப் அடினோமஸையே உண்டாக்கியவர் ஆகையால் அவருக்கு வேண்டாம்.

சிவனடிச்சாரல்

இட்டுவிட்டேன் அம்மா. அந்த அடைப்புக்குறி எதற்கு என்று நாளை அந்த மாணவி கட்டாயம் கேட்பாள். குந்தரின் புஃபோவிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.